நேர்காணலும் நிரலரும்

பொன்னின் மாற்றை அறியக் கட்டளைக்கல் உண்டு. மட்கலத்தின் திண்மையை அறிய விரலால் தட்டிப் பார்ப்பர். மாட்டின் வயதை அறியப் பல்லைப் பிடித்துப் பார்ப்பர். அரிசி வெந்ததோ என்று அறிய ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பர். 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது பழமொழி. ஆயின், மனிதனுடைய அறிவையும் ஆற்றலையும் அறிவது எங்ஙனம்? ஒருவர் ஒரு தொழிலுக்கு ஏற்றவரா அல்லரா என்பதை ஒரு மணி நேரத்தில் கண்டறிய இயலுமா? இவ்வினா மிகப் பழைமையானது. அரசர்கள் அமைச்சரைத் தேர்ந்த காலத்தில் எழுந்த அவ்வினாவே, மென்பொருள் நிறுவனங்கள் இளைஞரைத் தேர்ந்தெடுக்கும் இக்காலத்திலும் எழுகின்றது.

கணினி செய்யவேண்டிய வேலையைப் படிப்படியாக எடுத்துரைக்கும் கட்டளைத் தொகுதி நிரல் எனப்படும். நிரல்கள் பல சேர்ந்து அமைவது மென்பொருள். தொடர்வண்டிக்குச் சீட்டுப் பெறுவதும், வங்கியிலிருந்து பணம் அனுப்புவதும், மருத்துவமனையில் நோயாளியின் குறிப்பைப் பேணுவதும் இந்நாளில் மென்பொருளால் நடைபெறுகின்றன. நிரலை ஆக்குபவர் நிரலர். தச்சன் செய்த நாற்காலியில் அமர்ந்து அவன் திறத்தை அறியலாம். நெசவாளி நெய்த ஆடையைக் கையால் தடவி அவன் திறத்தை அறியலாம். நிரலரின் திறமோ உள்ளத்தில் நிகழும் எண்ணத்தில் அடங்கியிருக்கின்றது. கண்ணுக்குப் புலனாகாத அதனை அளக்க மக்கள் கையாண்ட முறைகள் பல. அம்முறைகளின் வரலாறு சுவையானது.

1945ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் உள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில், 'எனியாக்' என்னும் பெருங்கணினி உருவாகிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அப்பொறி ஒரு பெரிய அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. அதனை இயக்கும் வழி வகுக்கப் பெண்கள் அறுவர் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஜீன் ஜென்னிங்ஸ் என்பவர். மிசௌரி மாநிலத்து உழவர் குடும்பத்தில் பிறந்து கணிதம் பயின்றவர். அவரை நேர்கண்ட ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்னும் கணித அறிஞர், மின்சாரத்தைப் பற்றி அவர் என்ன நினைக்கின்றார் என்று வினவினார். ஜென்னிங்ஸ், தாம் இயற்பியல் பயின்றதையும், மின்னோட்டத்தைப் பற்றிய ஓம் விதி தமக்குத் தெரியும் என்பதையும் கூறினார். அறிஞர் அவரை இடைமறித்தார். தாம் கேட்டது அதுவன்று என்றும், மின்சாரத்தைக் கண்டு அவருக்கு அச்சம் உண்டா என்பதே தம் வினா என்றும் சொன்னார். அச்சம் இல்லை என்றார் ஜென்னிங்ஸ். அவருக்கு வேலை கிடைத்தது. உலகில் நிரலர் வேலைக்காக நடைபெற்ற முதல் நேர்காணல்களுள் இஃது ஒன்று எனலாம். கம்பிகளைச் செருகியும் விசைகளைத் திருப்பியும் அப்பொறிக்கு வழி வகுத்த அவ்வறுவரின் பெயர்கள் நெடுங்காலம் வெளியுலகுக்குத் தெரியாமல் இருந்தன என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது.

கணினிகள் பெருகின, நிரலரின் தேவையும் பெருகியது. ஆயிரக்கணக்கானவர்களை ஒவ்வொருவராக அழைத்து உரையாடித் தேர்வது அரிதாயிற்று. ஆதலால், ஐ.பி.எம். நிறுவனம் 1955ஆம் ஆண்டில் நிரலர்க்குரிய தகுதித் தேர்வு ஒன்றை அமைத்தது. எண் வரிசையில் அடுத்து வரும் எண் யாது, உருவ வரிசையில் அடுத்து வரும் உருவம் யாது, கணக்கு ஒன்றைத் தருக்க முறையில் தீர்ப்பது எங்ஙனம் என்பன போன்ற வினாக்கள் அதில் இருந்தன. அதனையும் அதனைப் போன்ற பிற தேர்வுகளையும் பல நிறுவனங்கள் பின்பற்றின. ஆயினும், அத்தேர்வில் மிகுந்த மதிப்பெண் பெற்றவர் வேலையிலும் சிறந்து விளங்குவர் என்பது உறுதிப்படவில்லை. எளிதில் அளக்கக்கூடிய ஒன்றை அளந்துவிட்டு, அளக்க வேண்டியதை அளந்துவிட்டதாக எண்ணுவது மனித இயல்பு. அவ்வியல்பு இங்கும் வெளிப்பட்டது.

பின்னர், புதிர் போடும் வழக்கம் பரவியது. சாலையில் உள்ள பாதாளச் சாக்கடையின் மூடி ஏன் வட்டமாக இருக்கின்றது? ஜப்பானில் உள்ள பூஜி மலையை எங்ஙனம் இடம் பெயர்ப்பது? இத்தகைய வினாக்கள் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் நேர்காணல்களால் பெயர் பெற்றன. 2004ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் கலிபோர்னியாவில் நெடுஞ்சாலை ஓரத்தில் பெயர் இல்லாத விளம்பரப் பலகை ஒன்றை நாட்டியது. கணிதத்தில் 'ஈ' என்று வழங்கும் மாறிலியின் இலக்கங்களில் தொடர்ந்து வரும் முதற் பத்திலக்கப் பகா எண் யாது என்பதே அதில் இருந்த வினா. விடை 7427466391. அதனைக் கண்டவர் இணையத்தில் மேலும் ஒரு புதிரைச் சந்தித்தனர். அதனையும் விடுவித்தவர் வேலைக்கு விண்ணப்பிக்குமாறு அழைக்கப்பட்டனர். ஆனால், 2013ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் பணியாளர் துறைத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் என்பவர், மூளைக்கு வேலை தரும் புதிர்கள் நேர்காணலில் வீணானவை என்று செய்தியாளரிடம் வெளிப்படையாகக் கூறினார். அவை வினவுகின்றவருக்குத் தம்மை அறிவாளி என்று எண்ணிக்கொள்ளும் மகிழ்ச்சியைத் தருமேயன்றி, விடை கூறுபவரின் தொழில் திறத்தைக் காட்டமாட்டா என்பது அவர் கண்ட முடிவு.

இந்நாளில் வழங்கும் முறை யாது? நம் நாட்டுப் பொறியியற் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்க்கு நடைபெறும் தேர்வையே சான்றாகக் கொள்ளலாம். முதற்கண் கணக்கு, தருக்கம், ஆங்கிலம் ஆகியவற்றில் ஒரு தேர்வு நடைபெறும். அதனை அடுத்து, கணினியின் முன் அமர்ந்து குறித்த நேரத்துக்குள் நிரல் எழுதும் தேர்வு. அதில் தேறியவர் தொழில்நுட்ப நேர்காணலுக்கு அழைக்கப்படுவர். இறுதியில், பணியாளர் துறை அலுவலர் அவருடைய பண்பையும் விருப்பத்தையும் அறியும்பொருட்டு உரையாடுவார். பெரிய நிறுவனங்களில் தொழில்நுட்ப நேர்காணலே மூன்று நான்கு முறை நடைபெறுவதும் உண்டு. இவற்றுள் பலரும் அஞ்சுவது தொழில்நுட்ப நேர்காணலையே. தேர்வாளர் எதிரே அமர்ந்திருப்பார். சுவரில் வெண்பலகை இருக்கும். எழுதுகோலைக் கையில் எடுத்து, எண்ணுவதை வாயால் சொல்லிக்கொண்டே நிரலை எழுத வேண்டும்.

அங்கே கேட்கப்படும் வினாக்கள் எத்தகையவை? மிக எளிய ஒன்று வருமாறு: 1 முதல் 100 வரை எண்களை வரிசையாக எழுதுக, 3ஆல் வகுபடும் எண்ணுக்கு மாற்றாக 'ஃபிஸ்' என்றும், 5ஆல் வகுபடும் எண்ணுக்கு மாற்றாக 'பஸ்' என்றும், இரண்டாலும் வகுபடும் எண்ணுக்கு மாற்றாக 'ஃபிஸ்பஸ்' என்றும் எழுதுக. இஃது ஆங்கிலச் சிறுவர் வகுத்தலைப் பழகுதற்கு ஆடும் ஆட்டம். 2007ஆம் ஆண்டு முதல் நிரலரிடையே பெயர் பெற்ற வினாவாயிற்று. கேட்பதற்கு எளிதே. ஆனால், பரபரப்புக் கொண்ட ஒருவர், 'எண் 3ஆல் வகுபடுகின்றதா?' என்று முதலில் பார்த்து, ஆம் எனில் 'ஃபிஸ்' என எழுதிவிட்டு, அல்லாதவழியே 5ஐப் பார்க்குமாறு கட்டளை அமைப்பார். அந்நிலையில் 15 என்னும் எண் வந்தால் கணினி 'ஃபிஸ்' என்று மட்டும் எழுதி மேலே சென்றுவிடும். இரண்டாலும் வகுபடுகின்றதா என்பதையே முதலில் பார்க்கவேண்டும். சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் பொறிக்குக் கட்டளையின் வரிசை எத்துணை இன்றியமையாதது என்பதை இச்சிறு வினா காட்டிவிடுகின்றது.

மற்றொரு வினா தேடலைப் பற்றியது. 1,000 பக்கங்கள் கொண்ட அகராதியில் ஒரு சொல்லைத் தேடவேண்டும். முதற் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவது ஒரு வழி. சொல் இறுதியில் இருப்பின் 1,000 பக்கங்களையும் பார்க்க நேரும். அறிவுடையோர் அவ்வாறு செய்யார். நடுப்பக்கத்தைத் திறந்து, தேடும் சொல் அதற்கு முன்னதா பின்னதா என்று காண்பர். ஒரு பாதியை நீக்கிவிட்டு எஞ்சிய பாதியின் நடுவைத் திறப்பர். இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்துச் சென்றால், பத்தே முறையில் உரிய பக்கத்தை அடையலாம்; இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024 வருமன்றோ? பத்து இலட்சம் பெயர்கள் அடங்கிய பட்டியலாயினும் இருபது முறை பார்த்தாற் போதும். நிரலரின் அறிவு இத்தகைய வழிகளைக் காண்பதில்தான் சிறக்கின்றது.

இவ்வழியைச் சொல்லுதல் எளிது. பிழையின்றி நிரலாக எழுதுதல் அரிது. ஜான் பெண்ட்லி என்னும் கணினி அறிஞர், தொழிலில் பழகிய நிரலர்களுக்கு ஓரிரு மணி நேரம் கொடுத்து இந்நிரலை எழுதச் சொன்னார். நூற்றுக்குத் தொண்ணூற்றுவர் தாம் எழுதியதில் பிழை இருப்பதைப் பின்னர்க் கண்டனர் என்று அவர் 1986ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் குறித்துள்ளார். உலகெங்கும் வழங்கும் ஜாவா மொழியின் நிரல் தொகுதியிலும், இதே தேடல் நிரலில் ஒரு நுண்ணிய பிழை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் மறைந்திருந்தது. 2006ஆம் ஆண்டில்தான் அஃது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. நடுவைக் காணும்பொருட்டு இரண்டு எண்களைக் கூட்டும்போது, பட்டியல் மிகப் பெரிதாயின் கூட்டுத்தொகை கணினி கொள்ளும் அளவைக் கடந்துவிடும் என்பதே அப்பிழை. வல்லுநர்களே சறுக்கும் இடத்தில், கல்லூரியை விட்டு இன்னும் வெளிவராத இளைஞர் ஒருவர் நாற்பது நிமிடத்தில் பிழையின்றி எழுதிக் காட்டவேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகின்றார்.

அவருடைய நிலையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிற்றூர்ப் பள்ளியில் தமிழ்வழிக் கல்வி பயின்ற மாணவி ஒருத்தி நேர்காணலுக்குச் செல்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் குடும்பத்தில் பட்டம் பெறும் முதற்பெண் அவள். கல்விக்காக வாங்கிய கடன் ஒரு புறம். ஊரில் காத்திருக்கும் பெற்றோரின் முகம் ஒரு புறம். நடைவழியில் இட்ட நாற்காலியில் அமர்ந்து, தன் பெயர் அழைக்கப்படும் நேரத்தை எதிர்நோக்கியிருக்கின்றாள். உள்ளே சென்றவர் வெளியே வரும்போது முகம் மலர்ந்துள்ளதா வாடியுள்ளதா என்று பார்க்கின்றாள். அவள் முறை வருகின்றது. வினா தெரிந்ததே, விடுதியில் தோழியர்க்குப் பலமுறை விளக்கியதே. ஆயினும், எழுதுகோலைப் பிடித்த விரல்கள் நடுங்குகின்றன. எண்ணம் தமிழில் ஓடுகின்றது. சொல் ஆங்கிலத்தில் வரவேண்டியிருக்கின்றது. அவள் ஒரு வரி எழுதி நிறுத்துகின்றாள். தேர்வாளர் தம் கணினியில் ஏதோ குறித்துக்கொள்கின்றார். 'என் பிழையைத்தான் எழுதுகின்றாரோ?' என்னும் ஐயம் எழுந்தவுடனே, உள்ளத்தில் இருந்த விடையும் மறைந்துவிடுகின்றது. வெளியே வந்து பத்து அடி நடப்பதற்குள் விடை முழுவதும் தெளிவாக நினைவுக்கு வருகின்றது! நேர்காணலுக்குச் சென்று வந்தவர் பலர்க்கும் இஃது அறிமுகமான துன்பமே.

இதனினும் பெரிய துன்பம் ஒன்று உண்டு. அது முடிவு தெரியாமல் காத்திருத்தல். தேறினோரின் பெயர் வரும். தேறாதோர்க்கு ஏன் தேறவில்லை என்று ஒரு சொல்லும் வருவதில்லை. காரணம் அறியாதபோது மனிதர் தாமே காரணம் கற்பித்துக்கொள்வர். 'என் கல்லூரி சிறியது', 'என் ஆங்கிலம் குறையுடையது', 'எனக்கு அறிவே இல்லை' என்று எண்ணம் ஒவ்வொரு படியாகக் கீழிறங்கும். ஒரு வேலை கிடைக்கவில்லை என்பது வேறு. தாம் எதற்கும் உதவார் என்பது வேறு. இவ்விரண்டும் ஒன்றென மயங்குவதே இளமைக்கு நேரும் பெருங்கேடு.

அம்மயக்கத்தைப் போக்கும் ஆராய்ச்சி ஒன்று 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரும் சேர்ந்து அதனை நடத்தினர். கணினியியல் மாணவர் 48 பேரிடம் ஒரே வகையான வினாவைக் கொடுத்தனர். ஒரு பிரிவினர் தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்க, தம் எண்ணத்தை வாய்விட்டுச் சொல்லியவாறு வெண்பலகையில் எழுதினர். மற்றொரு பிரிவினர் தனியறையில் ஒருவர் கண்ணிலும் படாமல் அமைதியாக எழுதினர். பிறர் முன்னிலையில் எழுதியவரின் திறம், தனித்து எழுதியவரின் திறத்தில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பிறர் முன்னிலையில் எழுதிய பெண்களுள் ஒருவரும் தேறவில்லை. தனியறையில் எழுதிய பெண்கள் அனைவரும் தேறினர். அப்பெண்களின் தொகை சிறிதாகலின், பின்னதை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. ஆயினும், நேர்காணல் அளப்பது அறிவை மட்டுமன்று, பிறர் பார்க்கும்போது எழும் நடுக்கத்தையும் சேர்த்தே அளக்கின்றது என்பது இதனால் விளங்குகின்றது. அகல்விளக்கின் ஒளியைக் காற்று வீசும் முற்றத்தில் வைத்து அளந்தால், அளக்கப்படுவது விளக்கின் ஒளி மட்டுமா? காற்றும் அன்றோ அதில் கலந்திருக்கின்றது?

வல்லுநரும் நேர்காணலில் விலக்கப்பட்டதற்குச் சான்றுகள் உண்டு. 'ஹோம்புரூ' என்னும் பெயருடைய பயன்மிக்க மென்பொருளை ஆக்கியவர் மாக்ஸ் ஹவல். நிரலர் பலர் நாள்தோறும் அதனைக் கையாளுகின்றனர். அவர் கூகுள் நிறுவனத்தில் நேர்காணலுக்குச் சென்றபோது, கிளை கிளையாகப் பிரியும் மர வடிவில் அமைந்த செய்தித் தொகுதியை இடவலமாக மாற்றுமாறு கேட்டனர் என்றும், வெண்பலகையில் அதனைச் செய்ய இயலாமையால் தாம் விலக்கப்பட்டதாகவும் 2015ஆம் ஆண்டில் எழுதினார். பிரயன் ஆக்டன் என்பவரின் வரலாறு இன்னும் வியப்புடையது. அவர் 2009ஆம் ஆண்டில் டுவிட்டர் நிறுவனத்தாலும் பேஸ்புக் நிறுவனத்தாலும் வேலை மறுக்கப்பட்டார். அதனை மறைக்காமல் வெளியிட்டு, வாழ்க்கையின் அடுத்த முயற்சியை எதிர்நோக்குவதாக எழுதினார். அவ்வாண்டிலேயே நண்பர் ஜான் கூமுடன் சேர்ந்து 'வாட்ஸ்ஆப்' என்னும் செய்தி அனுப்பும் மென்பொருளை வளர்க்கலானார். 2014ஆம் ஆண்டில், அவரை வேண்டா என்று விலக்கிய பேஸ்புக் நிறுவனமே அம்மென்பொருளை ஏறத்தாழ 1,900 கோடி டாலருக்கு வாங்க உடன்பட்டது.

இவற்றைக் கேட்டு, விலக்கப்பட்டவர் யாவரும் பெருஞ்செல்வர் ஆவர் என்று எண்ணலாகாது. அவ்வாறு ஆகாதவரே மிகப் பலர். நேர்காணல் முழுவதும் பயனற்றது என்று இகழ்வதும் தவறு. நூற்றுக்கணக்கானோர் ஓரிடத்துக்கு விண்ணப்பிக்கும்போது ஏதேனும் ஒரு முறையால் தேர்ந்தேயாக வேண்டும். தகுதியில்லாதவரைத் தேர்ந்தால் பின்னர் நேரும் இழப்புப் பெரிது என்று அஞ்சும் நிறுவனங்கள், தகுதியுடையவர் சிலரை இழந்தாலும் தாழ்வில்லை என்று கருதுகின்றன. ஆதலால், சல்லடையின் கண்கள் மிகச் சிறியனவாக அமைக்கப்படுகின்றன. பதருடன் நெல்மணிகள் சிலவும் ஒதுக்கப்படுகின்றன. ஒதுக்கப்பட்டமையால் நெல் பதராகிவிடுவதில்லை. இச்சான்றுகள் உணர்த்துவது இவ்வளவே.

அவ்வாறாயின், நேர்காணலுக்குச் செல்வோர் செய்யத்தக்கது யாது? முதலாவது, வினாவை நன்கு விளங்கிக்கொள்ளுதல். பட்டியல் அகர வரிசையில் உள்ளதா, ஒரே பெயர் இருமுறை வருமா, பட்டியல் வெறுமையாகவும் இருக்கக்கூடுமா என்று கேட்டுத் தெளிதல் குற்றமன்று; அது தேர்ந்த நிரலரின் இயல்பு. இரண்டாவது, எளிய வழியை முதலில் கூறிப் பின்னர்ச் சிறந்த வழிக்குச் செல்லுதல். மூன்றாவது, எழுதி முடித்தவுடன் சிறிய சான்றுகளைக் கொண்டு தாமே சோதித்தல். ஒரே பெயர் உள்ள பட்டியலுக்கும், பெயரே இல்லாத பட்டியலுக்கும் நிரல் சரியாக இயங்கினால் பிழைகள் பல நீங்கிவிடும். நான்காவது, தெரியாததைத் தெரியாது என்று கூறுதல். தெரியாமை சிறு குறை. தெரிந்தது போல் நடித்தல் பெருங்குறை.

இவை அனைத்திலும் பயனுடையது வாய்விட்டு எண்ணிப் பழகுதல். நடுக்கத்தைத் தருவது பிறர் பார்வை எனின், பிறர் பார்வையிலேயே பழகுவதன்றி அதற்கு வேறு மருந்து இல்லை. தண்ணீரில் இறங்காமல் நீந்தக் கற்றவர் உளரோ? வகுப்பில் கரும்பலகையின் முன் நின்று ஒரு கணக்கை விளக்குவதும், தோழர் ஒருவரைத் தேர்வாளராக அமர்த்தி அவர்முன் எழுதிக் காட்டுவதும் இதற்கு ஏற்ற பயிற்சிகள். ஆங்கிலத்தில் தயங்குபவர், அறிந்த பொருளை நாள்தோறும் சில எளிய சொற்றொடர்களால் ஆங்கிலத்தில் எடுத்துரைத்துப் பழகலாம். இந்நாளில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே நிரலை எழுதித் தருகின்றன. ஆதலால், எழுதியதை விளக்கவும், பிழையைக் கண்டறியவும், இவ்வழி ஏன் சிறந்தது என்று காரணம் காட்டவும் வல்லவரா என்பதைத் தேர்வாளர் இப்போது உற்றுநோக்குகின்றனர். கருவி எழுதியதைத் தமதென்று காட்டுபவர், 'ஏன்?' என்னும் ஒரே வினாவில் வாய் அடைத்துப்போவர்.

தேர்வாளர்க்கும் கடமை உண்டு. 1998ஆம் ஆண்டில் பிராங்க் ஸ்மிட், ஜான் ஹண்டர் என்னும் அறிஞர் இருவர், பணியாளரைத் தேரும் முறைகளைப் பற்றி 85 ஆண்டுகளில் நிகழ்ந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கினர். மனம் போனவாறு வினவும் நேர்காணலைவிட, எல்லோர்க்கும் ஒரே வகை வினாக்களை முறையாக வகுத்துக் கேட்டு, ஒரே அளவுகோலால் மதிப்பிடும் நேர்காணல் சிறந்தது என்பது அவர்கள் கண்ட முடிபுகளுள் ஒன்று. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த மறு ஆய்வும் அத்தகைய நேர்காணலையே முன்னிலையில் வைத்தது. விண்ணப்பதாரர்க்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து, நடுக்கம் தணியச் சிறிது நேரம் அளித்து, தனியே எழுத விட்டுப் பின்னர் விளக்கம் கேட்பது அரிய செயலன்று. தேறாதவர்க்குக் காரணத்தை இரண்டு வரியில் எழுதி அனுப்புவதும் அரிய செயலன்று. அவ்விரண்டு வரி, ஓர் இளைஞரின் உள்ளம் தாழ்வதைத் தடுத்து, அவர் அடுத்துக் கற்க வேண்டியதைக் காட்டும் விளக்காகும்.

திருவள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமும், அதனை அடுத்துத் 'தெரிந்து வினையாடல்' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். ஆளை ஆராய்ந்து தேர்வது முன்னது. தேர்ந்தவரை ஏற்ற வினையில் அமர்த்தி ஆள்வது பின்னது. தேர்வதோடு ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை; வினையில் அமர்ந்த பின்னரே ஒருவரின் ஆற்றல் முழுவதும் வெளிப்படும் என்னும் உண்மையை அவ்வைப்பு முறையே உணர்த்துகின்றது. நேர்காணல் தொடக்கமேயன்றி முடிவன்று.

பானையில் உள்ள பருக்கைகள் யாவும் ஒரே நீரில், ஒரே தீயில் வெந்தவை. அதனால் ஒரு பருக்கையைக் கொண்டு பானை முழுவதையும் அறியலாம். மனிதனுடைய நேரங்கள் அத்தகையன அல்ல. அஞ்சி நடுங்கிய ஒரு மணி நேரமும், ஆர்வத்தோடு உழைத்த ஓராண்டும் ஒரே தன்மையன ஆகா. ஆதலால், நேர்காணலுக்குச் செல்வோர் நன்கு பயின்று செல்லட்டும். வென்றால் பணிவு கொள்ளட்டும். தோற்றால், தோற்றது அந்த ஒரு மணி நேரமே என்று தெளிந்து மீண்டும் முயலட்டும். 1945ஆம் ஆண்டில் ஜீன் ஜென்னிங்ஸ் என்னும் பெண்ணிடம் கேட்கப்பட்ட வினாவே இன்றும் ஒவ்வோர் இளைஞர்முன்னும் நிற்கின்றது. அச்சம் உண்டா என்பதே அவ்வினா. இல்லை என்று சொல்லும் துணிவைப் பெற்றவர் கற்றலின் முதற்படியைக் கடந்தவர் ஆவார்.